பெயர்ப்பில் பிறந்த குற்றம்: அச்சகச் சட்டங்களின் வரலாற்றில் மொழிபெயர்ப்பாளர்

இன்று கொச்சி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் இடப்பள்ளி, 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லைக்குள் இருந்தது. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள எரணாகுளமும் காயலுக்கு அப்பாலுள்ள மட்டாஞ்சேரியும் கொச்சி அரசருக்கு உரியவை. மட்டாஞ்சேரியை ஒட்டிய கோட்டைக் கொச்சியோ பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டு நிலமாக இருந்தது. ஒருவர் காலையில் இடப்பள்ளியிலிருந்து நடக்கத் தொடங்கினால் மாலைக்குள் மூன்று ஆட்சிகளின் மண்ணை மிதித்துவிடலாம். மூன்று இடங்களிலும் மக்கள் பேசிய மொழி ஒன்றே. ஒரு மலையாள இதழை மூன்று இடத்தாரும் ஒரே வகையில்தான் படித்தனர். ஆயின் அவ்விதழின் ஒரு வாக்கியம் குற்றமா அன்றா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மூன்று வேறு கைகளில் இருந்தது.

இந்திய அச்சகச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் இதழாசிரியர்களுக்கும் ஆட்சியாளர்களுக்கும் இடையே நடந்த போராட்டமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அது தவறன்று. ஆனால் இவ்விரு தரப்புக்கும் நடுவே மூன்றாம் ஆள் ஒருவர் எப்போதும் இருந்திருக்கிறார். எழுதியவரின் மொழியை ஆள்பவரின் மொழிக்கு மாற்றித் தந்தவர் அவர். நீதிமன்றம் தண்டித்தது பெரும்பாலும் ஆசிரியர் எழுதிய பனுவலை அன்று. மொழிபெயர்ப்பாளர் ஆக்கிய பனுவலையே. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வரலாற்றை மீண்டும் படிக்க வேண்டிய தேவை இங்குதான் எழுகிறது.

கொச்சியில் தொடங்கியவை

நூல் அச்சிடுதலும் நூல் தடுத்தலும் கொச்சி வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் தொடங்கின. அன்றீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அடுத்த ஆண்டே 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சாயிற்று. தமிழ் அச்சு வரலாற்றில் கொச்சிக்கு உரிய இவ்விடம் பலரும் அறிந்ததே. அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பின், 1599 ஜூன் திங்களில், கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூரில் கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ் ஒரு திருச்சபைக் கூட்டத்தைக் கூட்டினார். மார்த்தோமாக் கிறித்தவர்களிடம் வழிவழியாக இருந்துவந்த சுரியானி மொழி நூல்கள் பல அங்குப் பெயர் சுட்டிக் கண்டிக்கப்பட்டன. பிற சுரியானிச் சுவடிகள் திருத்தத்திற்கு ஒப்படைக்கப்பட வேண்டும் எனவும் ஆணையிடப்பட்டது. திருத்தத்திற்கு உள்ளாகாதவை அழிவுக்கு உரியவையாயின.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மெனேசிஸ் சுரியானி அறியாதவர். சுவடிகளை ஆய்ந்து எவை பிழையுடையன என்று காட்டும் பொறுப்பு, அம்மொழி கற்ற இயேசு சபைத் துறவியான பிரான்சிஸ்கோ ரோசிடம் இருந்தது. ஆள்பவர் படிக்க இயலாத மொழியில் அமைந்த நூலுக்குத் தண்டனை. அம்மொழியைக் கற்ற அறிஞர் ஒருவரின் வாசிப்பே அத்தண்டனைக்குச் சான்று. பின்வந்த மூன்று நூற்றாண்டுகளின் தணிக்கை வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் அமைப்பு இதுவே. அன்று எரிந்த சுவடிகளில் என்ன இருந்தது என்பதைப் பெரிதும் எரித்தோரின் குறிப்புகளைக் கொண்டே அறிய வேண்டியுள்ளமையும் பின்னர்த் தொடர்ந்த ஓர் அவலமாகும்.

மொழியைக் குறிவைத்த சட்டம்

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியின் தொடக்ககாலக் கட்டுப்பாடுகள் ஆங்கில இதழ்களை நோக்கியவையே. 1799இல் வெல்லெஸ்லி முன்தணிக்கையை விதித்தபோது அவர் அஞ்சியது ஆங்கிலம் படித்த ஐரோப்பியரை. 1823இல் ஜான் ஆடம் கொண்டுவந்த உரிம விதியின் சூழலில் 'கல்கத்தா ஜர்னல்' ஆசிரியர் பக்கிங்காம் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இராம்மோகன் ராய் தம் பாரசீக இதழை எதிர்ப்பின் அடையாளமாகத் தாமே நிறுத்தினார். 1835இல் மெட்காஃப் உரிம முறையை நீக்கினார். 1857 கிளர்ச்சியின்போது அது ஓராண்டுக்கு மீண்டும் வந்தது. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் ஒவ்வொரு நூலிலும் இதழிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என வகுத்தது. பார்வைக்கு எளிய பதிவுச் சட்டமாகிய இது, 2024இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. நூலடைவுத் தொகுப்பாளர்களுக்கு இச்சட்டம் தந்த கொடை பெரிது. காவல்துறைக்குத் தந்ததும் சிறிதன்று.

மொழி என்பதே சட்டத்தின் அளவுகோலாக ஆனது 1878 மார்ச் 14ஆம் நாளில். லிட்டன் பிரபு காலத்தில் நிறைவேறிய நாட்டுமொழி அச்சகச் சட்டம், ஆங்கில இதழ்களை அறவே விடுத்து, இந்திய மொழிகளில் வெளிவருபவற்றை மட்டும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆட்சியின்மீது வெறுப்பூட்டும் எதையும் வெளியிடுவதில்லை என அச்சிடுவோரிடம் பிணைமுறி எழுதி வாங்கவும், பிணைத்தொகை பெறவும், மீறினால் அச்சகத்தைப் பறிமுதல் செய்யவும் மாவட்ட நடுவருக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. அவர் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்ல வழியில்லை. ஒரே கருத்தை ஆங்கிலத்தில் எழுதினால் கருத்துரை. வங்காளத்தில் எழுதினால் குற்றம். இதன் விளைவாக, வங்காளத்தையும் ஆங்கிலத்தையும் கலந்து வெளிவந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' உடனடியாக முழு ஆங்கில இதழாக மாறியது. தண்டனைக்கு அஞ்சி ஓர் இதழ் தன் மொழியையே மாற்றிக்கொண்டது மொழிச் சமூகவியலார் எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சி.

இச்சட்டம் சென்னை மாகாணத்திற்கு விரிக்கப்படவில்லை. தமிழ், தெலுங்கு, மலையாள இதழ்கள் ஆபத்தற்றவை என்று அன்றைய ஆட்சியாளர் கருதியிருந்தனர் என்பதே இதன் பொருள். அதனைப் பெருமையாகக் கொள்வதா சிறுமையாகக் கொள்வதா என்பது வேறு. ரிப்பன் காலத்தில், 1882 தொடக்கத்தில், இச்சட்டம் நீங்கியது. 'சுதேசமித்திரன்' தோன்றிய ஆண்டும் அதுவே.

சட்டம் நீங்கினாலும் அதற்கு அடித்தளமாயிருந்த வாசிப்பு அமைப்பு நீங்கவில்லை. மாகாண அரசுகள் ஒவ்வொன்றிலும் அரசு மொழிபெயர்ப்பாளர்கள் அமர்த்தப்பட்டு, நாட்டுமொழி இதழ்களைப் படித்து, ஆட்சி தொடர்பான பகுதிகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்துவந்தனர். மறைவாக அச்சிடப்பட்டு உயர் அலுவலர்களுக்குச் சுற்றுக்கு விடப்பட்ட இவ்வறிக்கைகள் இன்று வரலாற்றாய்வாளர்களின் பெருஞ்செல்வமாக உள்ளன. மூல இதழ்கள் பல கறையானுக்கும் கவனக்குறைவுக்கும் இரையாகிவிட்டமையால், ஓர் இதழ் என்ன எழுதியது என்பதை அறிய அரசு மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலச் சுருக்கமே எஞ்சியுள்ள நேர்வுகள் மிகுதி.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இவ்வறிக்கைகளிலுள்ள ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி, அதனை அவ்விதழின் சொற்களாகவே மேற்கோள் காட்டும் வழக்கம் தமிழ் ஆய்வுலகில் காணப்படுகிறது. ஏளனமாகச் சொல்லப்பட்டதை நேர்ச்சொல்லாகவும், பழமொழியைக் கருத்துரையாகவும் மாற்றித் தருவது சுருக்கத்தின் இயல்பு. அதிலும், குற்றம் தேடிப் படிப்பவரின் சுருக்கம் அது. அதனை மறுபடி பெயர்க்கும்போது கிடைப்பது அந்தக் காலத்துத் தமிழ் அன்று. இரு முறை பெயர்க்கப்பட்ட, ஒரு முறை ஐயத்தோடு வாசிக்கப்பட்ட, இன்னொரு தமிழ். பாரதியின் 'இந்தியா' இதழ்க் கட்டுரைகளைப் பொறுத்தவரை, எஞ்சிய மூல இதழ்களைத் தேடி சி.எஸ். சுப்பிரமணியமும் இளசை மணியனும் தொகுத்த 'பாரதி தரிசனம்' போன்ற முயற்சிகளின் அருமை இங்குதான் விளங்கும்.

ஒரு முன்னொட்டின் விலை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு 1870இல் சேர்க்கப்பட்டது. மெக்காலேயின் வரைவில் இருந்து, 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்டுப்போன பகுதி இது. சட்டத்தால் நிறுவப்பட்ட அரசின்மீது 'டிஸ்அஃபெக்‌ஷன்' என்னும் உணர்வைத் தூண்டுவது குற்றம் என்றது அது. அரசின் நடவடிக்கைகளை ஒப்பாமை, அதாவது 'டிஸ்அப்ரோபேஷன்', குற்றமாகாது என்றும் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரே முன்னொட்டைக் கொண்ட இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் அடுத்த 150 ஆண்டுகளின் இதழியல் நடமாட வேண்டியிருந்தது.

1891இல் கல்கத்தாவில் 'பங்கபாசி' வழக்கு நடந்தபோது தலைமை நீதிபதி பெத்தெரம், அன்புக்கு மாறான உணர்வே இச்சொல்லின் பொருள் என்றார். 1897இல் பம்பாயில் திலகர் வழக்கை ஆய்ந்த நீதிபதி ஸ்ட்ரேச்சி ஒருபடி மேலே சென்று, அன்பு இல்லாமையே அதன் பொருள் என்று ஜூரிகளுக்கு விளக்கினார். முன்னொட்டைப் பிரித்துப் பொருள் காணும் முறை இது. மறுதலையும் இன்மையும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் இலக்கணம் பயின்ற எவரும் அறிவர். 'அன்பின்மை' வேறு, 'பகை' வேறு. இல்லாததைக் குற்றமாக்கினால், அரசை நேசிக்க வேண்டும் என்பதே சட்டக் கடமையாகிவிடும். ஸ்ட்ரேச்சி தொடர்ந்து வெறுப்பு, பகைமை, இகழ்ச்சி முதலியவற்றையும் அடுக்கினார் என்பது உண்மையே. எனினும் முதலில் கூறிய விளக்கமே நாடெங்கும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆங்கிலச் சொல் ஒன்றின் பொருளை முடிவு செய்வதில் ஆங்கிலேய நீதிபதிகளே வேறுபட்ட நிலையில், மராத்தியில் எழுதியவர் அச்சொல்லின் எல்லையை அறிந்து எழுதியிருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. ஜூரிகள் 9 பேரில் ஐரோப்பியர் 6 பேர் குற்றம் என்றனர். இந்தியர் மூவர் குற்றமன்று என்றனர். திலகருக்கு 18 திங்கள் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிரிவு திருத்தப்பட்டு, விசுவாசமின்மையும் பகைமை உணர்வுகள் அனைத்தும் அச்சொல்லில் அடங்கும் எனச் சேர்க்கப்பட்டது.

1908ஆம் ஆண்டின் இரண்டாம் வழக்கில் மொழிபெயர்ப்பே வெளிப்படையாகக் கூண்டில் நின்றது. 'கேசரி'யின் மராத்திக் கட்டுரைகள் அரசுக் கீழ்த்திசை மொழிபெயர்ப்பாளர் அலுவலகத்தில் ஆங்கிலமாக்கப்பட்டு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. தமக்குத் தாமே வழக்காடிய திலகர், அவ்வலுவலக மொழிபெயர்ப்பாளரைச் சொல் சொல்லாகக் குறுக்கு விசாரணை செய்தார். அவர் வாதத்தின் சாரம் மொழியியல் சார்ந்தது. அரசியல் கருத்துகள் பலவும் ஆங்கிலம் வழியாக வந்தவை. அவற்றுக்கு மராத்திச் சொற்கள் அப்போதுதான் உருவாகிக் கொண்டிருந்தன. வளர்நிலையிலுள்ள சொல்லை அகராதிப் பொருள் கொண்டு திருப்பிப் பெயர்த்தால் எழுதியவர் எண்ணாத கடுமை அதில் ஏறிவிடும் என்பது அது. ஜூரிகளில் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். கட்டுரையை மராத்தியிலேயே படித்துத் தீர்ப்புச் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை என்பது திலகரின் குறை. ஜூலை 22ஆம் நாள் ஏழுக்கு இரண்டு என்னும் முடிவின்மீது அவருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மாந்தளைச் சிறைக்குச் சென்றார்.

தமிழில் நடந்தது

அதே ஜூலை 7ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவத்துக்கும் தண்டனை வழங்கியிருந்தார். வ.உ.சி.க்கு இரு குற்றங்களுக்கும் சேர்த்து 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. இவ்வழக்கில் தண்டிக்கப்பட்டவை பேச்சுகள். மேடையில் வேகமாகப் பாய்ந்த தமிழ், காவலர் எடுத்த குறிப்புகளாகச் சுருங்கி, பின்னர் ஆங்கிலமாகி நீதிமன்றத்தை அடைந்தது. பேச்சிலிருந்து குறிப்புக்கும் குறிப்பிலிருந்து பெயர்ப்புக்கும் என இரு நீக்கங்கள் இதில் உள்ளன. திலகருக்காவது அச்சில் நின்ற மூலம் இருந்தது. தூத்துக்குடிக் கடற்கரைப் பேச்சுகளுக்கு அதுவும் இல்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். 'இந்தியா' வார இதழின் மீதும் வழக்கு வந்தது. 1867ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் மறுபக்கம் இங்கு வெளிப்பட்டது. இதழின் உயிராயிருந்து எழுதியவர் பாரதி. அரசுப் பதிவேட்டில் இருந்த பெயர் மு. சீனிவாசன். சிறை சென்றவர் சீனிவாசன். சட்டம் தேடியது எழுதிய கையை அன்று, கையொப்பமிட்ட பெயரை. இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பாரதியின் புதுவைப் பயணத்தைச் சிறப்பித்துச் சீனிவாசனை ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

1908 அக்டோபரில் 'இந்தியா' பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரியில் மீண்டும் தோன்றியது. அங்கு அதனைத் தண்டிக்கச் சென்னை அரசுக்கு அதிகாரமில்லை. ஆனால் இதழின் வாசகர்கள் பெரும்பாலும் சென்னை மாகாணத்தில் இருந்தனர். ஆகவே எழுத்தைத் தடுக்க இயலாத அரசு அஞ்சலைத் தடுத்தது. 1910 மார்ச்சில் இதழ் நின்றது. இடப்பள்ளியைச் சுற்றிய மூன்று எல்லைகள் போலவே, புதுவை எல்லையும் மொழியை நிறுத்தவில்லை. தாளை மட்டும் நிறுத்தியது.

உருவகம் குற்றமான சட்டம்

1910 பிப்ரவரியில் வந்த இந்திய அச்சகச் சட்டம், மொழி பற்றிய சட்டங்களுள் தனித்த கவனத்திற்கு உரியது. புதிதாக அச்சகம் தொடங்குவோர் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்ட வேண்டும். அது பறிக்கப்பட்டபின் மீண்டும் தொடங்கினால் 1,000 முதல் 10,000 வரை. அதன் பின்னும் குற்றம் நேர்ந்தால் அச்சகமே பறிபோகும். சிற்றூர் அச்சகத்தாருக்கு இத்தொகை சிறைத்தண்டனையினும் கொடியது. எழுதியவர் குற்றவாளி என மெய்ப்பிக்கப்பட வேண்டுவதும் இல்லை. அரசு கருதினாலே போதும்.

மொழி ஆய்வாளரை ஈர்ப்பது அதன் நான்காம் பிரிவு. தீய விளைவு உண்டாக்கும் போக்குடைய சொற்கள், நேராகவோ மறைமுகமாகவோ, உய்த்துணர்வு, குறிப்பு, சுட்டு, உருவகம், உட்கிடை ஆகியவற்றாலோ பிறவாற்றாலோ அவ்விளைவைத் தருவனவாயினும் அவை பறிமுதலுக்கு உரியன என்று அப்பிரிவு கூறியது. அணியிலக்கண நூலொன்றின் பொருளடக்கம் போலத் தோன்றும் இப்பட்டியல் ஒரு தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றது. சட்டத்தை வரைந்தோர் இந்திய மொழி இதழ்களை நன்கு கவனித்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. வெளிப்படையாகச் சொல்ல இயலாதபோது புராணக் கதை, கனவு, உரையாடல், வஞ்சப்புகழ்ச்சி ஆகிய வடிவங்களில் சொல்வது அன்றைய இதழ்களின் உத்தியாக இருந்தது. உள்ளுறையையும் இறைச்சியையும் செய்யுளின் உயர்நிலையாகப் போற்றிய மரபு தமிழ் மரபு. அரசனுக்கு அறிவுரை கூறும் 'செவியறிவுறூஉ' என்னும் துறையையே வகுத்துக்கொண்ட மரபு அது. அங்குச் சிறப்பாகக் கருதப்பட்ட குறிப்புப் பொருள் இங்குப் பறிமுதலுக்குக் காரணமாயிற்று.

இதனால் மொழிபெயர்ப்பாளரின் பணியும் மாறியது. முன்பு அவர் சொல்லப்பட்டதைப் பெயர்த்தால் போதும். இப்போது சொல்லப்படாததையும் பெயர்த்துத் தர வேண்டும். குறிப்புப் பொருளை ஆங்கிலத்தில் வெளிப்படையாக எழுதியவுடன் அது குறிப்பாக இருப்பது நின்று கூற்றாகிவிடுகிறது. உரையாசிரியர் செய்யுளுக்குச் செய்த பணியை அரசு மொழிபெயர்ப்பாளர் இதழுக்குச் செய்தார். உரையின் முடிவில் விளக்கத்திற்குப் பதில் பறிமுதல் ஆணை நின்றது. 1913இல் முகமது அலியின் வெளியீடு குறித்த வழக்கில் கல்கத்தா தலைமை நீதிபதி ஜென்கின்ஸ், இப்பிரிவின் சொற்கள் மனித மதியால் எவ்வளவு விரிவாக எழுத முடியுமோ அவ்வளவு விரிவாக உள்ளன என்னும் பொருள்படக் குறிப்பிட்டார். எனினும் அரசின் ஆணையை மாற்றச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகியன இச்சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டன. முன்னது தன்வரலாற்றுக் கவிதை, பின்னது ஒரு கதை.

பெயர்ப்பு வேண்டாத தண்டனை

இதே 1910இல் திருவிதாங்கூரில் நடந்தது முற்றிலும் வேறு வகை. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் தொடங்கிய 'சுதேசாபிமானி'யின் ஆசிரியப் பொறுப்பை 1906இல் ஏற்ற கே. இராமகிருஷ்ண பிள்ளை, திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியையும் அரண்மனைச் சூழலின் ஊழலையும் கடுமையாகத் தாக்கி எழுதினார். இராஜகோபாலாச்சாரி தமிழர், திருவிதாங்கூருக்கு வருமுன் 1896 முதல் 1901 வரை கொச்சியின் திவானாக இருந்தவர். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அரச விளம்பரம் ஒன்றின் மூலம் இதழ் ஒடுக்கப்பட்டது, அச்சகம் பறிமுதலாயிற்று, ஆசிரியர் காவலுடன் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டு நாட்டு எல்லைக்கு வெளியே விடப்பட்டார். வழக்கு இல்லை, சான்று இல்லை, ஜூரிகள் இல்லை. எனவே மொழிபெயர்ப்பும் இல்லை. எழுதியவர் மொழியிலேயே ஆட்சி நடந்த நாட்டில், எழுத்தின் பொருள் என்ன என்னும் கேள்வி எழுப்பப்படவே இல்லை.

பிரிட்டிஷ் இந்தியாவின் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு அநீதிக்குக் கருவியாக இருந்தது உண்மை. ஆனால் அதே மொழிபெயர்ப்புத்தான் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாதாட ஓர் இடத்தையும் தந்தது. இச்சொல்லுக்கு இப்பொருள் இல்லை என்று திலகர் பல மணி நேரம் பேச முடிந்தது. இராமகிருஷ்ண பிள்ளைக்கு அவ்வாறு பேச ஓர் அவையே இருக்கவில்லை. தம் தரப்பைப் பின்னர் 'என்றெ நாடுகடத்தல்' என்னும் நூலாக எழுதினார். 'நாடுகடத்தல்' தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். ஆயினும் திலகர் தண்டனையில் கடல் கடந்த தொலைவைச் சுட்டும் அச்சொல், இவர் நூலின் தலைப்பில் ஒரு சமஸ்தான எல்லையை மட்டுமே சுட்டுகிறது. திருவனந்தபுரத்தாருக்கு அன்று திருநெல்வேலி வேற்று நாடு. மொழிபெயர்ப்பாளர் இத்தலைப்பை ஆங்கிலமாக்கும்போது 'நாடு' என்பதன் இவ்வளவையும் மனத்திற்கொள்வது நல்லது. 1912இல் அவர் வெளியிட்ட 'விருத்தாந்தபத்ர பிரவர்த்தனம்' மலையாளத்தின் முதல் இதழியல் நூல். அதே ஆண்டில் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1916 மார்ச்சில் கண்ணூரில் காலமானார்.

திருவிதாங்கூர் 1926இல், திவான் வாட்ஸ் காலத்தில், இதழ்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. கேசரி பாலகிருஷ்ண பிள்ளையின் 'பிரபோதகன்' 1930இல் உரிமம் இழந்தது. 1938 செப்டம்பரில் திவான் சி.பி. இராமசாமி ஐயர் காலத்தில் கோட்டயத்து 'மலையாள மனோரமா'வின் உரிமம் நீக்கப்பட்டு அச்சகம் முத்திரையிடப்பட்டது. அவ்விதழ் சில திங்கள் கொச்சி சமஸ்தானத்துக் குன்னங்குளத்திலிருந்து வெளிவந்தது. 1881இல் கொச்சியில் குஜராத்தியரான தேவ்ஜி பீம்ஜி நடத்திய 'கேரளமித்ரம்' இதழில் ஆசிரியராயிருந்து தொழில் பயின்றவரே மனோரமாவின் நிறுவனர் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை. அவர் தொழில் தொடங்கிய சமஸ்தானத்திற்கே, அரை நூற்றாண்டுக்குப் பின், இதழ் அடைக்கலம் தேடி வந்தது. இடப்பள்ளியில் தடைப்பட்டது எரணாகுளத்தில் கடையில் கிடைக்கும் என்னும் நிலை, இவ்வாறு ஒரு முறையேனும் மெய்யாயிற்று. கோட்டயத்திலிருந்து மனோரமா மீண்டும் வெளிவந்தது 1947 நவம்பரில்.

சொல்லின் பின்வாழ்வு

1922இல் 1910ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டபோது, பறிமுதல் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவாக உருமாறியது. ஒரு மாகாணத்தின் பறிமுதல் ஆணை நாடு முழுவதும் செல்லுபடியாகும் என்பது அதன் இயல்பு. 1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல் நூலைத் தடைசெய்தது; அவ்வாணையைக் கொண்டு சென்னையில் நூற்படிகள் பறிமுதல் செய்யப்பட்டன. தமிழ் வழங்கும் மாகாணத்தில் பாடப்பட்டுவந்த பாடல்களின் பொருளை இரங்கூனிலிருந்த அலுவலகம் ஒன்று முடிவு செய்தது. சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். அவையில் அரசு தோற்றது. தடையும் பின்னர் நீங்கியது. 124ஏ பிரிவைப் பொறுத்தவரை, அமைதிக் குலைவுக்கான தூண்டுதல் வேண்டும் என்று 1942இல் கூட்டாட்சி நீதிமன்றமும், வேண்டுவதில்லை என்று 1947இல் பிரிவி கவுன்சிலும், மீண்டும் வேண்டும் என்று 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் பொருள் கொண்டன. 2022 மே திங்களில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு வேறு சொற்களுடன் அவ்விடத்தில் உள்ளது.

இக்குற்றத்திற்குத் தமிழில் வழங்கிய பெயர்கள் தனி ஆய்வுக்கு உரியன. 1908ஆம் ஆண்டு வழக்குகளைத் தமிழர் 'ராஜநிந்தனை' என்றும் 'ராஜத்துரோகம்' என்றும் குறித்தனர். நிந்தனை சொல்லால் நிகழ்வது. துரோகம் நம்பிக்கையைச் செயலால் முறிப்பது. சட்டம் சொன்னதோ இரண்டுமன்று. அது பிறர் மனத்தில் எழுப்பப்படும் ஓர் உணர்வு. மேலும் சட்டத்தில் அரசர் இல்லை. 'சட்டத்தால் நிறுவப்பட்ட அரசு' மட்டுமே உண்டு. மக்கள் பழகிய சொல்லைத் தேடிய பெயர்ப்பாளர்கள் ஆட்சியமைப்பை அரசராக்கினர். அதனால் அரசின் ஓர் ஆணையைக் குறைகூறுவது அரசரைக் குறைகூறுவதாகத் தமிழில் ஒலித்தது. விடுதலைக்குப் பின் 'ராஜ' நீங்கியது. சட்ட நடையில் 'அரசு நிந்தனை' என்பது ஓரளவு பொருத்தமாக அமைந்தது. ஆனால் செய்தித்தாள்களில் பரவிய சொல் 'தேசத்துரோகம்'. ஒரு ஆட்சியைக் கண்டித்தவரைத் தேசத்தையே காட்டிக்கொடுத்தவராக மாற்றும் இச்சொல், 1870ஆம் ஆண்டுப் பிரிவின் எந்தச் சொல்லுக்கும் நேர் அன்று. நீதிமன்றம் ஒன்றும் இதனைத் தீர்ப்பாக வழங்கவில்லை. நாள்தோறும் இரவில் அச்சுக்கு விரையும் செய்தி மேசைகளில், ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கியோரின் கையில் இது உருவாயிற்று.